ஆணுறை மூடும் இடமும் மூடாத இடமும்

மெடிக்கல் ஷாப்பில் ஆணுறை கேட்டால் கடைக்காரர் முதலில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். அப்புறம் பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, மீதிச் சில்லறையோடு சேர்த்துத் தள்ளிவிடுவார். உறைக்கு ஒரு உறை, அதற்கு மேல் இன்னொரு உறை. வாங்குகிறவரும் சில்லறையை எண்ணாமல் கிளம்பிவிடுவார். இந்த அவசரத்தில் கேட்கப்படாமலே போகும் கேள்வி ஒன்று உண்டு. இது நோயைத் தடுக்குமா? தடுக்கும் என்றால் எந்த நோயை, எவ்வளவு?

நண்பர் ஒருவர் அதை எங்கோ தேடிப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். "எச்.ஐ.வி.க்கு எண்பது சதவீதம்தான் பாதுகாப்புன்னு போட்டிருக்கு. அப்ப அஞ்சு தடவைக்கு ஒரு தடவை தொத்திக்கும்னுதானே அர்த்தம்? இதுக்கு எதுக்குப் போடணும்?" என்றார். எண் சரி. அர்த்தம்தான் தப்பு. அவர் மட்டுமல்ல, இந்த எண்ணைப் பார்க்கிற பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள். பிறகு அந்தக் கணக்குக்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பின்னணி வேண்டும்.

ஆணுறை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது குடும்பக் கட்டுப்பாடு. அதற்குக் காரணம் இருக்கிறது. 1968இல் இந்திய அரசு 'நிரோத்' என்ற பெயரில் ஆணுறையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. மூன்று 15 பைசா. டீத்தூளும் சோப்பும் விற்கும் பெரிய நிறுவனங்களின் விநியோக வழியிலேயே அதுவும் பெட்டிக்கடைவரை போனது. முதலில் அதற்குக் காமனின் நினைவாகக் 'காமராஜ்' என்று பெயர் வைக்க யோசித்ததாகவும், பெருந்தலைவரின் பெயர் அதுவாக இருந்ததால் கைவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. நல்லவேளை. எப்படியோ, குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தோடு சேர்ந்தே ஆணுறை நம் ஊருக்குள் வந்ததால், 'குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கான பொருள்' என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துவிட்டது.

ஆனால் அது பிறந்ததே நோய்க்காக. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கேப்ரியல் ஃபலோப்பியோ என்ற உடற்கூறு அறிஞர் இருந்தார். பெண்களின் கருக்குழாய்க்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் இவருடையதுதான். அன்றைக்கு ஐரோப்பாவை ஆட்டிப்படைத்த சிபிலிஸ் என்ற பால்வினை நோயிலிருந்து தப்ப, மருந்தில் நனைத்த துணியுறையை அவர் பரிந்துரைத்தார். 1100 பேரிடம் சோதித்ததாகவும் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை என்றும், அவர் இறந்த பிறகு 1564இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். இன்றைய ஆராய்ச்சியாளர் எவரும் அந்தச் சோதனையை ஏற்கமாட்டார். கேட்ட கேள்வி மட்டும் சரியானது.

கருத்தடையும் நோய்த்தடுப்பும் ஒன்றல்ல என்பதை ஒரு சின்ன வித்தியாசம் காட்டிவிடும். ஒரு பெண்ணுக்கு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் ஏறத்தாழ ஆறு. தொற்றுக்கு அப்படி நாள் நட்சத்திரம் கிடையாது. மாதத்தின் எந்த நாளிலும் வரும். 'இன்றைக்குப் பாதுகாப்பான நாள்' என்ற கணக்கு கருத்தடைக்கே நம்பகமானது அல்ல. நோய்க்கு அது கணக்கே இல்லை.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். பாத்திரம் தேய்க்கப் போடும் ரப்பர் கையுறையை நினைத்துக்கொள்ளுங்கள். கையுறை ஓட்டையில்லாமல் நன்றாகவே இருக்கலாம். அதனால் முழங்கை நனையாமல் இருந்துவிடுமா? அது மூடுவது மணிக்கட்டுவரைதான். ஆணுறையும் அப்படித்தான். அது ஆண்குறியின் பெரும்பகுதியை மூடுகிறது. விந்தையும் மற்றக் கசிவுகளையும் உள்ளேயே பிடித்துவைக்கிறது. விதைப்பை, தொடையிடுக்கு, பெண்ணின் வெளி உறுப்புப் பகுதி எதையும் அது மூடுவதில்லை.

ஆகவே ஆணுறை எவ்வளவு பாதுகாப்பு என்பது, அந்த நோய் எந்த வழியில் பயணம் செய்கிறது என்பதைப் பொறுத்தது. சில நோய்கள் திரவத்தில் பயணம் செய்கின்றன: விந்து, யோனிக் கசிவு, ரத்தம். எச்.ஐ.வி., வெட்டை நோய் என்று நம்மூரில் சொல்லும் கொனோரியா, கிளமிடியா, ட்ரைக்கோமோனஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி இந்த வகை. வேறு சில, தோலோடு தோல் உரசினாலே தொற்றுகின்றன: பிறப்புறுப்பில் கொப்புளமும் புண்ணும் வரவைக்கும் ஹெர்பிஸ், மரு வரவைக்கும் எச்.பி.வி., சிபிலிஸ் புண். முதல் வகையில் ஆணுறை கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். இரண்டாவது வகையில் அது மூடிய இடத்தை மட்டும் காக்கும்.

இப்போது நண்பரின் எண்பதுக்கு வரலாம். அந்த எண் வந்தது ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து, துணைக்கு இல்லாத ஆண் பெண் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த பல ஆய்வுகளிலிருந்து. அவற்றைச் சேர்த்து அலசிய அறிக்கை ஒன்று 2002இல் வெளியானது. ஆணுறையே பயன்படுத்தாத தம்பதிகள் நூறு பேர் என்று வைத்தால், ஒரு வருடத்தில் ஏறத்தாழ 6 பேரின் துணைக்குத் தொற்று வந்தது. எப்போதும் பயன்படுத்துவதாகச் சொன்னவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 1. வந்திருக்க வேண்டிய தொற்றுகளில் 80 சதவீதம் வராமல் போயின. எண்பது என்பது அதுதான். ஐந்து தடவைக்கு ஒரு தடவை தொற்றும் என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பார்த்தாலும் நண்பரின் கணக்கு உடைந்துவிடும். மருந்து எடுக்காத, எச்.ஐ.வி. உள்ள ஆணுடன் ஆணுறையே இல்லாமல் யோனிவழி உறவு கொள்ளும் பெண்ணுக்கு, ஒரு முறையில் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறத்தாழ 8 என்று மதிப்பிடுகிறார்கள். ஆசனவாய் வழியே உறவை ஏற்பவருக்கு அது பத்தாயிரத்தில் ஏறத்தாழ 138. சின்ன எண்ணாகத் தெரிகிறதே என்று அலட்சியமாகிவிட வேண்டாம். இவை சராசரி. துணைக்கு வேறு பால்வினைப் புண் இருந்தாலோ, தொற்று புதிதாக ஏற்பட்ட முதல் சில வாரங்களாக இருந்தாலோ வாய்ப்பு பல மடங்கு ஏறும். அதோடு, வாழ்க்கையில் ஒரே தடவையோடு யாரும் நிறுத்துவதில்லை.

அந்த மீதி 1 பேருக்கு ஏன் வந்தது? ரப்பர் ஒழுகியதாலா? 'எப்போதும்' என்ற சொல்லைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஆய்வாளர் கேட்கும்போது "ஆமாம், எப்போதும்தான்" என்று சொல்வது எளிது. மருத்துவர் கேட்டால் எல்லா மாத்திரையையும் வேளை தவறாமல் சாப்பிட்டதாக நாம் சொல்வதில்லையா? படுக்கையறைக்குள் வந்து யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கிழிந்தது, நழுவியது, பாதியில் போட்டது, பாதியில் கழற்றியது எல்லாமே அந்த 'எப்போதும்' என்பதற்குள் ஒளிந்திருக்கலாம். எனவே 80 என்பது ரப்பருக்குக் கொடுத்த மதிப்பெண் அல்ல; ரப்பரும் மனிதர்களும் சேர்ந்து எழுதிய பரீட்சையின் மதிப்பெண். இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்று எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை தொடர்ந்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து தொற்று பரவுவதில்லை.

ரப்பரைப் பற்றிய வதந்தி ஒன்றையும் இங்கேயே முடித்துவிடலாம். வைரஸ் மிகச் சிறியது, ரப்பரில் உள்ள நுண்துளை வழியே போய்விடும் என்று அவ்வப்போது கிளம்பும். 2003இல் வத்திக்கானின் ஒரு கர்தினாலே தொலைக்காட்சியில் அப்படிச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் உடனே மறுத்தது. எச்.ஐ.வி. வைரஸின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, சிறியதுதான். ஆனால் தண்ணீர் மூலக்கூறு அதைவிடவும் நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. ஆணுறையில் தண்ணீர் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டால் ஒரு சொட்டு வெளியே வராது. தொழிற்சாலையில் செய்யும் சோதனைகளில் ஒன்றே அதுதான்: மாதிரிக்கு எடுத்த உறையில் 300 மில்லி தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். காற்றடைத்து வெடிக்கும்வரை ஊதியும் பார்ப்பார்கள். வழக்கமான அளவு உறை பதினைந்து லிட்டருக்கு மேல் காற்றைத் தாங்க வேண்டும். இது போக, ஒவ்வோர் உறையையும் மின்சாரத்தால் சோதித்து ஓட்டை உள்ளதைக் கழித்துவிடுகிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வெளிநாடுகளில் ஆட்டுக்குடல் சவ்வில் செய்த உறை விற்கிறது. அதில் உண்மையிலேயே நுண்துளைகள் இருக்கின்றன. விந்தணு போகாது, வைரஸ் போகும். கருத்தடைக்கு ஆகும், நோய்க்கு ஆகாது என்று அந்தப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

கொனோரியா, கிளமிடியா கிருமிகள் ஆண்களில் பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையிலும், பெண்களில் கருப்பை வாயிலும் குடியிருப்பவை. ஆணுறை நேராக அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில்தான் நிற்கிறது. எனவே தர்க்கப்படி நன்றாகத் தடுக்க வேண்டும். ஆனால் பழைய ஆய்வுகள் சிலவற்றில் ஆணுறை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, ஆணுறையால் பயனில்லை என்று எழுதியவர்கள் உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மழை நாளில் கையில் குடையோடு இருப்பவர்களில் எத்தனை பேர் நனைந்திருக்கிறார்கள், குடை இல்லாதவர்களில் எத்தனை பேர் நனைந்திருக்கிறார்கள் என்று எண்ணினால் என்ன கிடைக்கும்? குடை வைத்திருப்பவர் பெரும்பாலும் வெளியே போனவர். குடை எடுக்காதவர்களில் பலர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். குடைக்காரர்தான் அதிகம் நனைந்தார், எனவே குடை வீண் என்று சொல்லிவிட முடியுமா? ஆணுறை போடுகிறவர்களில் பலர், ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தே போடுகிறவர்கள். போடாதவர்களில் பலருக்குத் தொற்றே இல்லாத ஒரே துணை. அமெரிக்காவின் பால்வினை நோய் மையங்களுக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், துணைக்குத் தொற்று இருந்தது உறுதியாகத் தெரிந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அப்போது ஆணுறையின் பலன் தெளிவாகத் தெரிந்தது. எல்லாரையும் கலந்து பார்த்தபோது அது மங்கிப்போனது.

தனி மனிதரை விட்டு ஒரு நாட்டையே பார்த்தால் இன்னும் தெளிவு. தாய்லாந்தில் 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: பாலியல் தொழில் நடக்கும் எந்த இடத்திலும் ஆணுறை இல்லாமல் வாடிக்கையாளரை ஏற்கக்கூடாது. ஒரு விடுதி மட்டும் கட்டாயம் செய்தால் வாடிக்கையாளர் பக்கத்து விடுதிக்குப் போவார். எல்லா விடுதியும் செய்தால் போக்கிடம் இல்லை. அதுதான் திட்டத்தின் சூட்சுமம். விரைவில் நாடு முழுக்க வந்தது. பாலியல் தொழிலில் ஆணுறைப் பயன்பாடு 1989இல் 14 சதவீதமாக இருந்தது, 1993இல் 94 சதவீதம். அதே காலத்தில் அரசு மருத்துவமனைகளில் ஆண்களிடம் பதிவான முக்கியமான ஐந்து பால்வினை நோய்கள் 79 சதவீதம் குறைந்தன.

நம் ஊரிலும் ஆணுறைக்கு இரண்டாவது வேலை கிடைத்தது எச்.ஐ.வி.யால்தான். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி விழிப்புணர்வு விளம்பரமாக ஓடிக்கொண்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும். கிண்டலாகவே பேசினாலும், வீட்டுக்குள் அந்தப் பேச்சை அது நுழைத்துவிட்டது.

இனி கையுறைக்கு வெளியே உள்ள முழங்கை. ஹெர்பிஸ் இதற்கு அருமையான உதாரணம். ஆப்பிரிக்காவில் ஒருவருக்கு ஹெர்பிஸ் இருந்து துணைக்கு இல்லாத தம்பதிகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஆணிடமிருந்து பெண்ணுக்குப் பரவும் வாய்ப்பை ஆணுறை 96 சதவீதம் குறைத்தது. பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவுவதை 65 சதவீதம்தான் குறைத்தது. ஒரே உறை, ஒரே வைரஸ், ஏன் இந்த வித்தியாசம்? ஆணிடம் வைரஸ் அதிகம் வெளிப்படும் இடம் உறை மூடுகிற தோல். பெண்ணிடம் அது வெளி உறுப்புப் பகுதியில் பரவலாக வெளிப்படுகிறது; ஆணின் மூடாத தோல் அதில்தான் உரசுகிறது. அதிலும் ஹெர்பிஸ் புண் கண்ணுக்குத் தெரியாத நாளிலும் பரவும். அதனால் 'புண் இல்லை, பயமில்லை' என்று இருக்க முடியாது. புண் தெரிகிற நாளில் உறை போட்டுச் சமாளிக்கலாம் என்று எண்ணாமல் உறவையே தள்ளிப்போடுவது நல்லது.

எச்.பி.வி. இன்னும் பரவலானது. பிறப்புறுப்பு மருவுக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் காரணமான வைரஸ் குடும்பம் இது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், அப்போதுதான் உடலுறவைத் தொடங்கியிருந்த மாணவிகளிடம் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. துணை எப்போதும் ஆணுறை போட்ட பெண்களுக்கு, அரிதாகவே போட்டவர்களைவிட எச்.பி.வி. தொற்று 70 சதவீதம் குறைவு. தோல்வழி பரவும் வைரஸுக்கு இது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல எண். இருந்தாலும் மீதியை அடைக்கத் தடுப்பூசி இருக்கிறது. உடலுறவு தொடங்கும் வயதுக்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். ஹெபடைட்டிஸ் பி.க்கும் தடுப்பூசி உண்டு.

சிபிலிஸ் புண் உறைக்குள் இருந்தால் தடுக்கும், வெளியே இருந்தால் இல்லை. பேன், சொறி, பாலுண்ணி போன்றவற்றிடம் ஆணுறையை நம்பிப் பயனில்லை. வாய்வழி உறவிலும் கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பிஸ் பரவும். அங்கேயும் உறை வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

நம்மூரில் உறை கிழிவதற்கு என் பட்டியலில் முதல் குற்றவாளி தேங்காய் எண்ணெய். வறட்சியாக இருக்கிறது என்று கைக்குக் கிடைத்ததைத் தடவிவிடுகிறார்கள். எண்ணெய் எதுவானாலும், வாசலினும் பேபி ஆயிலும் உட்பட, லேடக்ஸ் ரப்பரைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இழுவிசை வரும்போது பிய்ந்துகொள்ளும். வழவழப்பு வேண்டுமென்றால் தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான ஜெல் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். இரண்டாவது குற்றவாளி பர்ஸ். பின் பாக்கெட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து சூடேறி, மடங்கி, உரசிப்போன உறையை நம்பாதீர்கள். பைக் சீட்டுக்கு அடியில் வைப்பது இன்னும் மோசம். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி அடுப்பு.

போடும் முறையில் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, உறவின் நடுவில் போடுவது. விந்து வெளிவருவதற்கு முன்பே கசிவும் தோல் உரசலும் நடந்துவிடுவதால், முதல் தொடுதலுக்கு முன்பே போடவேண்டும். இரண்டு, நுனியில் காற்று சிக்கிக்கொள்வது. நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு அடிவரை உருட்டவேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் அதையே புரட்டிப் போடாமல் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள். மூன்று, முடிந்த பிறகு தாமதிப்பது. தளர்வதற்குள் அடியைப் பிடித்தபடி வெளியே எடுக்காவிட்டால் உறை உள்ளேயே தங்கிவிடலாம். ஒன்றுக்கு மேல் ஒன்று போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்ற யோசனையும் சிலருக்கு உண்டு. உறைக்கு மேல் உறை கடைக்காரர் போட்டுத் தரட்டும். நீங்கள் போடவேண்டாம், இரண்டும் உரசிக் கிழியலாம்.

லேடக்ஸ் ஒவ்வாதவர்களுக்குப் பாலியூரித்தேன், பாலிஐசோப்ரீன் உறைகள் உண்டு. பெண்ணுறை என்று ஒன்றும் இருக்கிறது. யோனிக்குள் பொருத்துவது, வெளி வளையம் உறுப்பின் வெளிப்பகுதியையும் கொஞ்சம் மூடும். துணை ஆணுறை போட மறுக்கும் பெண்ணுக்கு அது தன் கையில் உள்ள கருவி. நம் கடைகளில் அது எளிதில் கிடைக்காதது பெரிய குறை. விந்தணுக்கொல்லி நோனாக்சினால்-9 தடவிய உறை நோய்க்குக் கூடுதல் பாதுகாப்பு தரும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். அடிக்கடி பயன்படுத்தினால் அது உள்சவ்வைப் புண்ணாக்கித் தொற்றுக்கு வழிவிடும் என்று பிறகு தெரிந்தது. பாக்கெட்டில் அந்தப் பெயர் இருந்தால் வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் உறை கிழிந்தால்? துணைக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், தொற்று வராமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். விடியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று காத்திருக்காமல், அரசு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போகலாம். கருத்தடைக்கான அவசர மாத்திரை வேறு, இது வேறு. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டும் முடிந்தது என்று நினைத்துவிடக்கூடாது. மற்றத் தொற்றுகளுக்கு, அறிகுறி வரட்டும் என்று இருக்காமல் பரிசோதனை செய்யவேண்டும். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகை இருக்கும். அங்கே பணம் வாங்கமாட்டார்கள், முடிவை வேறு யாரிடமும் சொல்லமாட்டார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097க்குப் போன் செய்து பேசலாம். கட்டணம் இல்லாத எண் அது.